கண்டி மழையும் கச்சான் காற்றும்: ஒரு வேன் பயணம்

கண்டியிலிருந்து காத்தான்குடிக்குப் போகும் பாதை, நம் நாட்டின் இரண்டு காலநிலைகளை ஒரே நாளில் காட்டிவிடும். ஆகஸ்ட் மாதத்தில் அக்குறணையில் குடை பிடித்தபடி வாகனத்தில் ஏறுபவர், மகாஓயாவில் இறங்கும்போது மரநிழலைத் தேடுவார். மேற்கே மலைகளில் தென்மேல் பருவக்காற்று தூறிக்கொண்டிருக்கும். கிழக்கே அதே காற்று 'கச்சான்' என்ற பெயரோடு, அடுப்பைத் தொட்டு வந்தது போலச் சுட்டுக்கொண்டு வீசும். இடையில் நிற்பது மலை. ஒரே காற்றை இங்கே மழையாகவும் அங்கே வெயிலாகவும் ஆக்கி வைத்த அல்லாஹ்வின் ஏற்பாட்டை ஜன்னலூடாகப் பார்த்துக்கொண்டு போவதே ஒரு பாடம்தான்.

ஆனால் இக்காலத்தில் நாம் ஜன்னலைத் திறப்பது குறைந்துவிட்டது. மழை, தூசு, வெயில், பெண்களின் மறைவு என்று எத்தனையோ காரணங்கள். கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏசியைப் போட்டுக்கொள்கிறோம். அப்போது பல வாகனங்களில் ஒரு வாடை வருகிறது. நனைந்த சாக்கு போலவும், காயாத துணியை மடித்து வைத்தது போலவும் இருக்கும் அந்த வாடையை அறியாத குடும்பம் இன்று குறைவு. அது எங்கிருந்து வருகிறது, எப்படிப் போக்குவது, அது வரும்போது யாரைக் குற்றம் சொல்கிறோம் என்பதைப் பற்றித்தான் இங்கே எழுதப் போகிறேன். பாதையும் கூடவே வரும்.

ஏற்றத்தில் வந்த வாடை

என் மனைவியின் தங்கை மகனுக்குக் காத்தான்குடியில் நிக்காஹ். கிழக்கிலே மாப்பிள்ளை பெண் வீட்டுக்குத்தான் வாழப் போவார். வீடு பெண்ணுக்கு உரியது. ஆகவே மகனை மணமுடித்துக் கொடுக்கப் போகும் தாயின் முகத்தில், மகளைக் கட்டிக் கொடுக்கும் தாயின் கலக்கம் இருந்தது. வாடகைக்குப் பேசிய வேனில் நாங்கள் பதின்மூன்று பேர். பின்னால் பெண்கள், முன்னால் ஆண்கள், மடிகளில் பிள்ளைகள். கால்களுக்கிடையே வட்டிலப்பச் சட்டிகள், கிராம்பும் கறுவாவும் கட்டிய பொதிகள். பயணத் துஆவை ஓதிப் புறப்பட்டோம்.

திகன, தெல்தெனிய என்று பாதை போகிறது. விக்டோரியா நீர்த்தேக்கம் வலப்புறம் எட்டிப் பார்க்கிறது. 1985ஆம் ஆண்டு திறக்கப்பட்ட, 122 மீற்றர் உயரமான அந்த அணைதான் இலங்கையிலேயே உயரமானது. பழைய தெல்தெனிய நகரம் அந்த நீருக்கடியில் இருக்கிறது. இன்று நாம் கடப்பது மேட்டில் எழுப்பிய புதிய நகரம். முதியவர்கள் இந்த இடத்தில் ஒரு கணம் பேச்சை நிறுத்துவார்கள். தாங்கள் சாமான் வாங்கிய கடைத்தெருவின் மேல் தண்ணீர் நிற்பதைப் பார்ப்பவர்களுக்கு வேறென்ன பேச வரும்?

அதற்கப்பால் ஹுன்னஸ்கிரியவை நோக்கி ஏற்றம். மூடுபனி இறங்கி வர, வேன் மூச்சு வாங்கியது. ஏற்றத்தில் என்ஜினுக்குப் பாரம் குறையட்டும் என்று சாரதி ஏசி பொத்தானை அணைத்தார். காற்றாடி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. அடுத்த நிமிடம் வாடை ஒன்று அலையாக வந்து முகத்தில் அடித்தது. ஏசியை மறுபடி போட்டதும் அடங்கியது. அடுத்த ஏற்றத்தில் அணைத்ததும் திரும்ப வந்தது.

பின்னால் ஒரு சலசலப்பு. மாப்பிள்ளையின் மூத்த சகோதரியின் மடியில் மூன்று மாதக் குழந்தை. "பிள்ளட பாலு எங்கயோ கொட்டி ஈக்கும்" என்றார் ஒரு மாமி. "பம்பஸ்ஸ மாத்தினீங்களா?" என்றார் இன்னொருவர். அந்தப் பெண் ஒன்றும் பேசவில்லை. குழந்தையின் உடுப்பை மோந்து பார்த்தார். பையைக் கிளறிப் பால் போத்தலின் மூடியைச் சரிபார்த்தார். நனைத்த துணியால் ஆசனத்தைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மீண்டும் துடைத்தார். குழந்தை அழ, அதற்கும் சேர்த்து நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

சாரதி தன் பங்குக்கு ஒரு வாசனைக் குப்பியை எடுத்துக் காற்று வரும் துவாரத்தில் பீய்ச்சினார். முன்னால் இருந்த பெரியவர் ஒருவர், நல்ல எண்ணத்தோடு, சட்டைப் பையிலிருந்த ஊது அத்தரைத் திறந்து பஞ்சில் ஒற்றி வைத்தார். நாற்றமும் போகவில்லை; வாசனையும் வாசனையாக இல்லை. இரண்டும் கலந்து மூன்றாவதாக ஒன்று பிறந்தது. உடதும்பரையைத் தாண்டிப் 'பதினெட்டு வளைவு' தொடங்கும்போது இரண்டு பிள்ளைகள் வாந்தி எடுத்துவிட்டார்கள். பெரியம்மாவுக்கு ஏற்கெனவே ஆஸ்துமா. இழுப்புத் தொடங்கி, இன்ஹேலரைத் தேடி எடுத்துக் கொடுக்க வேண்டியதாயிற்று.

பதினெட்டு வளைவு அழகான இடம். கொண்டை ஊசி போன்ற திருப்பங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்க, கீழே மஹியங்கனைச் சமவெளி வயலும் காடுமாக விரிந்து கிடக்கும். நாங்கள் ஓர் ஓரத்தில் நிறுத்திக் கதவுகளைத் திறந்தோம். பெரியம்மா மலைக்காற்றை இழுத்து இழுத்து விட்டார். அந்த இளம் தாய் குழந்தையோடு சற்றுத் தள்ளிப் போய், எல்லோருக்கும் முதுகைக் காட்டி நின்றார். சமவெளியைப் பார்க்கிறார் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதை என் மனைவி பார்த்துவிட்டார்.

மஹியங்கனையில் ஒரு பாஸ்

ஹஸலகவைக் கடந்து மஹியங்கனைக்கு வந்ததும், இந்த நிலையில் இன்னும் நூறு கிலோமீற்றருக்கு மேல் போக முடியாது என்று எல்லோரும் ஒருமனதாகச் சொன்னோம். வீதியோரம் வாகன ஏசி திருத்தும் சிறு கராஜ் ஒன்று தென்பட்டது. நடுத்தர வயதுச் சிங்கள பாஸ் ஒருவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். சாரதி விடயத்தைச் சொன்னார். ஒரு மாமி பழக்கதோஷத்தில் குழந்தையின் பாலையும் சேர்த்துச் சொன்னார்.

பாஸ் வேனுக்குள் தலையை நீட்டி ஒரு முறை மூச்சை இழுத்தார். பிறகு குழந்தையோடு நின்ற தாயைப் பார்த்து, "நங்கி, இது பிள்ளையின் பால் அல்ல. பால் என்றால் புளித்த வாடை வரும். இது தண்ணீர் போக வழியில்லாத வாடை" என்று சிங்களத்தில் சொன்னார். அந்தப் பெண்ணுக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். எங்களில் அனைவருக்கும் தெரியும்.

அடுத்து அவர் செய்ததெல்லாம் எங்கள் கண்முன்னேதான் நடந்தது. முன் இடப்பக்க ஆசனத்தடியில் இருந்த விரிப்பைத் தூக்கினார். அதற்கடியில் இருந்த பஞ்சு, கையால் பிழிந்தால் நீர் வடியும் அளவுக்கு ஊறியிருந்தது. ஆசனத்துக்கு எதிரே இருக்கும் சிறு பெட்டியைக் கழற்றி, உள்ளிருந்து ஏசி பில்டரை இழுத்தார். வெள்ளையாக இருக்க வேண்டியது கருமண் நிறத்தில், முடியும் இலைத் துகளும் ஒட்டி வெளியே வந்தது. பிறகு வேனுக்கடியில் படுத்து, விரல் பருமனான ஒரு றப்பர் குழாயைக் கண்டுபிடித்து அதில் காற்றை ஊதினார். சேறு போல் ஒரு கட்டி விழுந்தது. அதன் பின்னால் ஒரு கேத்தல் அளவு கறுத்த நீர் கொட்டியது. வேனுக்குள் வந்த அதே வாடை, பத்து மடங்காக.

யாரும் பேசவில்லை. பெண்கள் தலைத்துணியால் மூக்கை மூடிக்கொண்டார்கள். பால் கதையைத் தொடக்கி வைத்த மாமி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டாஷ்போர்டுக்குள் ஒரு மலை

இந்த நீர் எங்கிருந்து வந்தது? நாம் கடந்து வந்த மலையே அதற்கு விளக்கம் சொல்லும்.

கடலிலிருந்து வரும் காற்று ஈரத்தைச் சுமந்து வருகிறது. மலையில் ஏறும்போது குளிர்கிறது. குளிர்ந்த காற்றால் அவ்வளவு ஈரத்தைத் தாங்க இயலாது. மழையாகவும் பனியாகவும் இறக்கிவிடுகிறது. மறுபக்கம் இறங்கும்போது உலர்ந்து சூடேறி, மட்டக்களப்பில் கச்சானாக வீசுகிறது. வாகனத்தின் டாஷ்போர்டுக்குள்ளும் இப்படியொரு சின்ன மலை இருக்கிறது. கராஜில் 'கூலிங் கொயில்' என்பார்கள். அலுமினியத் தகடுகள் நெருக்கமாக அடுக்கிய ஒரு பெட்டி. ஏசி ஓடும்போது அது பனிக்கட்டியை நெருங்கும் அளவுக்குக் குளிர்கிறது. அதன்மேல் காற்றாடி நம் சூடான, ஈரமான காற்றைத் தள்ளுகிறது. காற்றிலிருக்கும் ஈரம் அந்தத் தகடுகளில் நீராகப் படிகிறது. குளிர்ந்த கோப்பைக்கு வெளியே முத்து முத்தாக நீர் கோப்பதைச் சமையலறையில் நாம் தினமும் காண்கிறோமே, அதேதான்.

அந்த நீர் ஒரு குழாய் வழியாக வெளியே சொட்ட வேண்டும். நிறுத்தி வைத்த காரின் அடியில் தெளிந்த நீர் சொட்டுவதைப் பார்த்து, ஏதோ உடைந்துவிட்டது என்று பயப்படுபவர்கள் உண்டு. உண்மையில் அது நல்ல அடையாளம். ஈரமான நாளில் கால் மணி நேரம் ஏசி ஓடியும் கீழே ஒரு சொட்டும் விழாவிட்டால்தான் யோசிக்க வேண்டும். நீர் உள்ளே தங்குகிறது என்று அர்த்தம்.

மலையில் விழும் மழை ஓடையாக இறங்கிவிடுவதால் மலை நாறுவதில்லை. குட்டையில் தேங்கினால் நாறும். வாகனத்துக்குள்ளும் ஈரம், இருட்டு, காற்றோடு வந்த தூசு, நம் தலைமுடி, தோலிலிருந்து உதிரும் துகள் எல்லாம் ஒன்றுசேரும் இடத்தில் பூஞ்சணமும் பக்டீரியாவும் குடியேறுகின்றன. வாடை அவற்றினுடையது. ஏசி ஓடும் வரையில் தகடுகள் குளிர்ந்து நனைந்திருக்கும். வாடை அமுங்கிக் கிடக்கும். அணைத்துக் காற்றாடியை மட்டும் விட்டால் தகடு சூடாகி, ஈரம் ஆவியாகும். வாடையும் கூடவே கிளம்பும். ஹுன்னஸ்கிரிய ஏற்றத்தில் நடந்தது இதுதான்.

'கேஸ் பழசாகிவிட்டது, மாற்றினால் நாற்றம் போகும்' என்று சொல்லிப் பணம் கேட்பவர்கள் இருக்கிறார்கள். அந்த வாயு மூடிய குழாய்க்குள் சுற்றுவது. அதற்குப் பெரும்பாலும் மணமே கிடையாது. சாக்கு வாடைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கஸ்தூரி போட்ட தண்ணீர்

பாஸ் வேலை செய்யும் நேரத்தில் அருகிலுள்ள பங்கரகம்மன முஸ்லிம் கிராமத்துப் பள்ளிக்குப் போய், ளுஹரையும் அஸரையும் சேர்த்துச் சுருக்கித் தொழுதோம். வுழூச் செய்யும்போது, அரபுக் கல்லூரி மாணவர்களுக்கு வருடா வருடம் நான் நடத்தும் பாடமொன்று நினைவுக்கு வந்தது.

இமாம் நவவியின் 'மின்ஹாஜ்' நூலின் முதல் பாடம் தூய்மைதான். பெருந்தொகை நீர் ஒன்று நஜீஸ் விழுந்து நிறமோ ருசியோ வாடையோ மாறிவிட்டால் அது அசுத்தமாகிவிடும். அந்த மாற்றம் தானாக நீங்கினாலோ, மேலும் நீர் சேர்ந்ததால் நீங்கினாலோ, நீர் மீண்டும் சுத்தமாகும். ஆனால் கஸ்தூரியையோ குங்குமப்பூவையோ போட்டு வாடையை இல்லாமல் செய்தால்? சுத்தமாகாது என்பதே அங்குள்ள சட்டம். ஏனென்றால், வாடை போய்விட்டதா, மறைந்து கிடக்கிறதா என்று நமக்குத் தெரியாது. மாணவப் பருவத்தினர் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். 'கஸ்தூரியை வாங்கித் தண்ணீரில் கொட்டுபவன் யார் ஹஸரத்?' என்பார்கள்.

ஏசியில் படியும் பூஞ்சணம் நஜீஸ் என்று நான் சொல்ல வரவில்லை. அதனால் தொழுகை கூடாமல் போவதுமில்லை. ஆனால் அந்தச் சட்டத்தின் அறிவு இங்கேயும் பொருந்துகிறது. காற்றுத் துவாரத்தில் வாசனை பீய்ச்சுவதும், கண்ணாடியில் வாசனை அட்டை தொங்கவிடுவதும், ஊதுப் புகை பிடிப்பதும் கஸ்தூரி போட்ட தண்ணீர்தான். இடத்தைச் சுத்தம் செய்த பிறகு அத்தர் பூசினால் அது ஸுன்னத்தான அழகு. சுத்தம் செய்யாமல் பூசினால் திரை. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அந்தத் திரையே நோயைக் கிளப்பிவிடும்.

வெங்காயம், பூண்டைப் பச்சையாக உண்டவர் பள்ளிக்கு வந்து மற்றவர்களுக்குத் தொல்லை தர வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை நாம் அறிவோம். வாசனைப் பண்டத்தால் மறைத்துக்கொண்டு வரும்படி அவர்கள் சொல்லவில்லை. வாடையால் பக்கத்திலிருப்பவர் படும் சிரமத்தை அவர்கள் அவ்வளவு பெரிதாக எடுத்தார்கள். மூடிய வேனுக்குள் பதின்மூன்று பேர் அமர்ந்து போவதும் ஒரு சபையே.

வீட்டாருக்குச் சில குறிப்புகள்

இன்று நம் சகோதரிகள் பலர் தாமே கார் ஓட்டுகிறார்கள். பிள்ளைகளைப் பாடசாலைக்கும் மத்ரஸாவுக்கும் ஏற்றி இறக்குவதும் அவர்களே. ஆகவே பாஸ் காட்டித் தந்தவற்றையும் நான் அறிந்தவற்றையும் ஒழுங்குபடுத்தித் தருகிறேன்.

முதலாவது, வாகனத்தின் உள்ளே சுத்தம். விரிப்புகளை வெளியே எடுத்து, ஆசனங்களுக்கு அடியில் பாருங்கள். உருண்டு போன பால் போத்தல், பழத்தோல், மீன் வாங்கிய பையின் கசிவு எதுவும் இருக்கலாம். நனைந்த விரிப்பைக் கழுவுவதைவிட முக்கியம், முழுவதும் காயவிடுவது. மேலே காய்ந்தும் அடிப்பஞ்சு ஈரமாக இருக்கும். அதையும் தொட்டுப் பாருங்கள். முன் இடப்பக்க விரிப்பு காரணமின்றி நனைந்திருந்தால், அநேகமாக ஏசி நீர்க் குழாய்தான் அடைத்திருக்கிறது.

இரண்டாவது, முன் கண்ணாடிக்குக் கீழே, பொனட்டின் விளிம்பில் சேரும் இலைச் சருகுகள். வெளிக்காற்று உள்ளே நுழைவது அவ்வழியாகத்தான். மா, பலா மரத்தடியில் நிறுத்தும் வாகனங்களில் அவை அழுகிக் கிடக்கும். வாரமொருமுறை கையால் அள்ளிப் போடுங்கள்.

மூன்றாவது, பில்டர். பல கார்களில் அது முன் பெட்டிக்குப் பின்னால் இருக்கும். கழற்றுவது எளிது, ஒரு முறை பார்த்துக்கொண்டால் நீங்களே செய்யலாம். வருடத்துக்கு ஒரு முறையாவது, அல்லது பத்துப் பதினைந்தாயிரம் கிலோமீற்றருக்கு ஒரு முறை மாற்றுவது நல்லது. தாளால் ஆனதைக் கழுவிப் போடாதீர்கள். ஈரமான பில்டரே பூஞ்சணத்துக்கு வீடாகிவிடும். சில பழைய வேன்களில் பில்டரே இருக்காது. அவற்றில் தூசு நேரே தகடுகளில் படியும். அடிக்கடி கழுவ வேண்டும்.

நான்காவது, கூலிங் கொயிலைக் கழுவுதல். அதற்கென்றே நுரை மருந்து விற்கிறார்கள். என்ஜினை நிறுத்தி, குப்பியில் எழுதியுள்ளபடி உள்ளே செலுத்தி, சொன்ன நேரம் ஊறவிட்டு, பிறகு கதவுகளைத் திறந்து காற்றாடியை ஓடவிட வேண்டும். வேலை முடியும் வரை உள்ளே யாரும் இருக்கக் கூடாது. ஆஸ்துமா உள்ளவரும் குழந்தையும் பக்கத்திலும் வர வேண்டாம். வீட்டில் கழிப்பறைக்குப் பாவிக்கும் வெளிற்றும் திரவத்தை இதில் ஊற்றவே கூடாது. அலுமினியத்தை அது அரித்துவிடும். அதன் ஆவி நெஞ்சைப் பிடிக்கும். பின்பக்கமும் குளிர்க்காற்று வரும் வேன்களில் பின்னால் தனியாக இன்னொரு கொயில் உண்டு. அதற்கும் நீர்க் குழாய் உண்டு. முன்னதைக் கழுவிப் பின்னதை மறந்தால் பாதி வேலைதான்.

ஐந்தாவது குறிப்புக்குக் காசு செலவில்லை. அதுவே எல்லாவற்றிலும் பெரியது. வீடு வந்து சேர மூன்று நான்கு நிமிடங்கள் இருக்கும்போதே ஏசி பொத்தானை அணைத்துவிடுங்கள். காற்றாடியைக் கூட்டி, வெளிக்காற்று உள்ளே வரும்படி மாற்றி விடுங்கள். நனைந்த தகடுகள் காய்ந்துவிடும். காய்ந்த இடத்தில் பூஞ்சணம் எளிதில் வளராது. சமையல் முடிந்ததும் அம்மியைக் கழுவி நிமிர்த்தி வைப்பது போன்ற பழக்கம் இது. நாற்றம் வருமுன் தொடங்கினால் நாற்றமே அரிது. ஏற்கெனவே வந்துவிட்டால், இதை மட்டும் செய்வது போதாது. முதலில் கழுவ வேண்டும்.

ஆறாவது, உள்ளே இருக்கும் காற்றையே சுற்ற வைக்கும் பொத்தான். அதைப் போட்டால் சீக்கிரம் குளிரும் என்பது உண்மை. ஆனால் நெடும்பயணத்தில் முழு நேரமும் அதிலேயே விட்டால், பல பேர் விட்ட மூச்சையே எல்லோரும் மீண்டும் இழுப்பார்கள். தலைவலியும் தூக்கமும் வரும். சாரதிக்குத் தூக்கம் வந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. இடையிடையே வெளிக்காற்றை விடுங்கள்.

தேசிக்காயைப் பிளந்து வைப்பது, அப்பச்சோடா, கோப்பித்தூள், சிரட்டைக்கரி வைப்பது எல்லாம் நம் உம்மாமார் செய்துவரும் கைவைத்தியம். கரியும் சோடாவும் மிச்சமிருக்கும் வாடையை ஓரளவு உறிஞ்சும். கழுவிக் காயவிட்ட பிறகு வைத்தால் பயன் உண்டு. கழுவாமல் வைத்தால் காத்திருந்து ஏமாறுவதுதான்.

வாடைகளில் பொறுக்கக் கூடாதவை சில உண்டு. அழுகல் நாற்றம் வந்தால் காற்றாடிக்குள் எலி செத்துக் கிடக்கலாம். திறந்து எடுக்காமல் போகாது. தித்திப்பான பாகு வாடையோடு கண்ணாடியில் பிசுபிசுப்பும் படிந்தால், என்ஜினைக் குளிர்விக்கும் நீர் உள்ளே கசிகிறது, அது நஞ்சு. கருகல் வாடையும் பெற்றோல் வாடையும் வந்தால் உடனே நிறுத்தி இறங்கிவிட வேண்டும். புகைக் குழாயின் வாடை உள்ளே வந்தால் மிகவும் கவனம். அந்தப் புகையில் கார்பன் மொனொக்சைட் என்ற வாயு உண்டு. அதற்குத் தனியே மணம் கிடையாது. உறங்குபவரை உறக்கத்திலேயே கொண்டுபோய்விடும். கல்யாணச் சாமான் நீட்டிக்கொண்டிருக்கிறது என்று பின்கதவைத் திறந்து கயிற்றால் கட்டிக்கொண்டு ஓடுவது நம்மிடையே சாதாரணம். அப்படி ஓடும்போது புகை பின்வழியாக உள்ளே இழுபடும். நிறுத்திய வாகனத்தில் என்ஜினை ஓடவிட்டு, கண்ணாடிகளை மூடி, பிள்ளைகளைத் தூங்க வைப்பதும் வேண்டாம்.

கச்சான் வீசும் ஊர்

மஹியங்கனையிலிருந்து புறப்பட்டபோது வேனின் வாடை முழுதாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஊறிய பஞ்சு காய நாட்கள் எடுக்கும். பின் கொயிலைக் கண்டி திரும்பியதும் கழுவச் சொல்லி பாஸ் சாரதியிடம் சொல்லி அனுப்பினார். ஆனால் மூச்சு விட முடிந்தது. பதியத்தலாவையில் பெரியம்மா தூங்கிப் போனார். வெந்நீர் ஊற்றுகளுக்குப் பெயர்போன மகாஓயாவைக் கடந்ததும் கண்ணாடிகளை இறக்கினோம். கச்சான் காற்று சூடாக, உலர்ந்து, உள்ளே புகுந்து மறுபக்கம் வெளியேறியது. காலையில் மலையில் ஈரத்தை இறக்கி வைத்துவிட்டு வந்த காற்று, எங்கள் வேனின் ஈரத்தையும் கொஞ்சம் வாங்கிக்கொண்டு போயிற்று.

2009இல் யுத்தம் முடியும் முன்னர் இந்தப் பக்கம் குடும்பத்தோடு பயணம் வருவது எளிதாக இருக்கவில்லை. இன்று செங்கலடி, ஏறாவூர், மட்டக்களப்பு என்று நெஞ்சில் பயமின்றி ஓடுகிறோம். வாவியின் மேல் 2013இல் திறந்த புதிய கல்லடிப் பாலம். அருகிலேயே 1924ஆம் ஆண்டின் பழைய இரும்புப் பாலம். அதைத் தாண்டிச் சில நிமிடங்களில் காத்தான்குடி. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, பிரதான வீதியின் நடுவே வரிசையாக ஈச்ச மரங்கள். பிள்ளைகள் வாந்தியை மறந்து, ஜன்னலில் தொங்கிக்கொண்டு மரங்களை எண்ணினார்கள்.

பெண் வீட்டு வாசலில் இஞ்சிப் பிளேன்டியோடு காத்திருந்தார்கள். மறுநாள் நிக்காஹ் சிறப்பாக நடந்து, ஸஹன் சாப்பாட்டில் இரண்டு ஊர்க் கைகளும் ஒரே தட்டில் சேர்ந்தன. அதற்கு முன், இறங்கிய அன்றிரவே நடந்த ஒன்றைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். பால் கதையைத் தொடங்கிய மாமி, அந்த இளம் தாயிடம் போய், குழந்தையைத் தன் மடியில் வாங்கிக்கொண்டு, "மகள், நான் பாக்காமச் சொல்லிட்டேன், மனசுல வெச்சுக்காதீங்க" என்றார். அந்தப் பெண் ஒன்றும் சொல்லாமல் அவர் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டார்.

சந்தேகங்களில் அநேகமானவற்றை விட்டு விலகும்படி அல்குர்ஆன் ஸூறத்துல் ஹுஜுராத்தில் நமக்குக் கட்டளையிடுகிறது. பெரிய குற்றச்சாட்டுகளைப் பற்றித்தான் அது பேசுகிறது என்று எண்ணிக்கொள்கிறோம். வீட்டில் வாடை வந்தால் மருமகளின் சமையல், வாகனத்தில் வாடை வந்தால் கைக்குழந்தைக்காரி என்று விரல் நீட்டுவதும் அதில் அடங்கும். பிள்ளை பெற்ற உடம்போடு, தூக்கமில்லாத கண்களோடு பயணம் வரும் ஒரு பெண்ணுக்கு, அடைத்துப் போன ஒரு றப்பர் குழாயின் பழியையும் சேர்த்துச் சுமக்கக் கொடுப்பது எவ்வளவு பெரிய அநியாயம்!

ஆகவே அன்பின் சகோதரிகளே, அடுத்த முறை வாகனத்தில் வாடை வந்தால் ஆளைப் பார்க்காமல் குழாயைப் பாருங்கள். தண்ணீருக்கு வழி விடுங்கள். நனைந்ததைக் காய விடுங்கள். அத்தரை அதற்குப் பிறகு பூசுங்கள். வாடகை வாகனம் பேசும்போதே, 'ஏசி கழுவி எத்தனை மாதம்?' என்று சாரதியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆஸ்துமா உள்ளவர்களையும் கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு போகும் குடும்பம் அதைக் கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை.

நம் பயணங்களை அல்லாஹ் இலேசாக்கி வைப்பானாக! நாம் அமரும் இடத்தையும், நாம் பேசும் வார்த்தையையும், பிறரைப் பற்றி நாம் கொள்ளும் எண்ணத்தையும் தூய்மையாக்கி வைப்பானாக! ஆமீன்.